ஓரத்தில் எழுதியது

குவோபியோவில் ஏரி இறுகி
அதன்மேல் கார் ஓடுகிற மாதம்.
மருத்துவமனையின் பின்கட்டடத்தில், மூன்றாம் மாடியில்,
இர்மெலி வார்த்தியைனன் உறைகளைக் கிழிக்கிறாள்.
ஒவ்வோர் உறையிலும் ஒரு முதுகு.

பெயர் வேண்டாம் அவளுக்கு, எண் போதும்.
எந்த முள்ளெலும்பு, எத்தனை திருகாணி,
எந்தத் தொகுதியில் வார்த்த கம்பி,
யார் திறந்தார், எத்தனை மணிக்குத் தைத்து மூடினார்.
ஓராண்டு கழிந்ததும் அஞ்சலில் போகும் கேள்வி:
கடந்த வாரம் எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?
ஐந்து கட்டங்கள். ஏதாவது ஒன்றில் பெருக்கல் குறி.

ஆட்கள் கட்டத்துக்குள் அடங்குகிறார்களா?
ஓரத்தில் எழுதுகிறார்கள்.
"நான் நடக்கவில்லை, நாய் இழுத்துப் போயிற்று."
"நன்றாயிருக்கிறது என்று போடச் சொல்கிறாள் மனைவி. வலிக்கிறது."
"டாக்டருக்கு நன்றி. பெயர் மறந்துவிட்டேன். கை ஜில்லென்று இருந்தது."

ஓரத்துக்குக் கணினியில் இடம் கிடையாது.
இர்மெலி எல்லாவற்றையும் படிக்கிறாள்,
கட்டத்தை மட்டும் தட்டச்சு செய்கிறாள்,
தாளைக் கோப்பில் சொருகுகிறாள்.
பத்தொன்பது வருஷமாக இதே வேலை.

நூர்மெஸிலிருந்து ஒரு பெண், இரண்டாம் கட்டம்:
"தபால்பெட்டி வரை போனேன்.
திரும்பும்போது உள்ளே ஏதோ டக் என்றது."
அந்த டக் கணினிக்குள் போகவில்லை.

நவம்பரில், கயானியிலிருந்து மரலாரி ஓட்டுகிறவர்:
"கியர் மாற்றும்போது ஒரு சத்தம்.
வண்டியில்தான் என்று இறங்கிப் பார்த்தேன்."

ஜனவரியில் மூன்றாவது தாள்.
சவொன்லின்னாவில் தேவாலய ஆர்கன் வாசிப்பவர்
சத்தத்தின் சுரத்தையே எழுதி அனுப்பியிருந்தார்:
மத்திமத்துக்குக் கொஞ்சம் கீழே.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
அது அடுப்படிக்குச் சரி.
ஓர் ஊரில் ஒரு கம்பி முறிந்தால்
வயசு என்பார்கள், எடை என்பார்கள், பனியில் வழுக்கியது என்பார்கள்.
அந்த ஊர் டாக்டர் தன் கையையே சந்தேகித்து
விடியும்வரை விழித்திருப்பார்,
அடுத்த ஊர் டாக்டரிடம் வாய் திறக்க மாட்டார்.
எல்லாப் பானையிலும் கை விடுகிற ஒருத்திக்குத்தான் தெரியும்
அரிசி எந்த மூட்டையிலிருந்து வந்ததென்று.

கோப்புகளை இழுத்தாள்.
அறுவை நாளில் ஒட்டிய ஸ்டிக்கர்கள்,
மூன்றிலும் ஒரே தொகுதி எண், கடைசி எழுத்துவரை.

கம்பெனிக்காரர் கனிவாகத்தான் பேசினார்.
"மூன்று என்பது தற்செயல், மேடம்."
"ஓரங்களை நான் இன்னும் படித்து முடிக்கவில்லை" என்றாள்.
முடித்தபோது பதினொன்று.

இருநூற்றுப் பதினாலு பேருக்குக் கடிதம் போயிற்று.
ஆலை அனுப்பிய கம்பிகள் இருநூற்றுப் பதினைந்து.

ஒன்று எங்கே?
நடுநிசியில், விபத்து கேஸில்,
களைத்துப்போன ஒரு நர்ஸின் விரலில் ஒட்டி
குப்பைக்கூடைக்குப் போன ஸ்டிக்கராக இருக்கலாம்.
ஸ்டிக்கர் இடம் வெறுமையாக
ஏழு தாள்கள் அகப்பட்டன.
அன்று முதல்முறையாக
அவளுக்குப் பெயர் தேவைப்பட்டது.
மேலிடத்தில் அனுமதி வாங்க இரண்டு நாள்.

ஐந்து பேருக்கு வேறு கம்பி.
ஒருவர் இறந்துவிட்டார்; மகள் அழாமல் பதில் சொன்னாள்.
ஏழாமவர் ஊர்ஹோ தொய்வனன்.
மணி வெகுநேரம் அடித்தது.
எடுத்ததும் காற்றின் இரைச்சல்.
"ஏரி நடுவில் இருக்கிறேன். சட்டென்று சொல்லுங்கள்,
தூண்டில் இழுக்கிறது."

என்ன சொல்ல வேண்டும் என்று
தாளில் எழுதி வைத்திருந்தாள், ஆறு வாக்கியம்,
வக்கீல் பார்த்துத் திருத்தியது.
வாயில் வந்தது ஒரே சொல்:
"குனியாதீர்கள்."

அந்தப் பக்கம் காற்று மட்டும்.
பிறகு அவர் கேட்டார்:
"அப்போ மீனை யார் எடுக்கிறது?"